பத்து மடங்கு மெதுவாக

ரீயா தெருக் கடையில் இரண்டும் ஒரே விலை:
இரண்டாயிரத்து எழுநூறு குரோன்.
ஒன்று நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று,
கொள்வது முந்நூறு ஜிகாபைட்.
மற்றது ஐயாயிரத்து நானூறே சுற்று,
வயிறு மட்டும் இரண்டாயிரம்.
கண்ணாடி மேசைமேல் இரண்டையும் வைத்துவிட்டு
தார்வோ தன் சாண்ட்விச்சைப் பிரித்தான்.
அவசரமில்லையாம்.
தார்த்து நகருக்கு மே வந்தும்
வெளியே பாதிப் பனி, பாதி மழை.

ஹில்லர் வேகத்தின் கட்சி.
"போன கோடையை மறந்துவிட்டாயா, லேலோ?
ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு
நான் முடி வெட்டிக்கொண்டு வந்தேன்."
உண்மைதான்.
வௌவால் வீட்டு விருந்து என்பார்களே,
அப்படித்தான் கழிந்தது எங்கள் ஜூலை:
கணினியும் தொங்கியது, நாங்களும் தொங்கினோம்.

நான் இரவுகளாய் எண்ணிப் பார்த்தேன்.
படகுக் கொட்டிலில் கட்டிவைத்த ஒலிப்பதிவுப் பெட்டி
ஓர் இரவுக்கு இருபது ஜிகாபைட் விழுங்கும்.
அதில் பத்தொன்பது வெறும் காற்று,
நாணல் உரசல், தூரத்து ரயில்,
குடித்துவிட்டு யாரோ ஆற்றோடு பேசியது.
வேகமானது பதினான்கு இரவில் நிறைந்துவிடும்.
மெதுவானது தொண்ணூற்று மூன்று தாங்கும்,
வௌவால்கள் ஈன்று, வளர்த்து, பிரிந்து
குகைக்குத் திரும்பும்வரை, ஏறக்குறைய.
பெட்டிமேல் இரண்டாயிரம் என்றிருந்தாலும்
உள்ளே ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டுதான்.
மீதி எங்கே என்று கேட்டேன்.
"எண்ணும் முறை வேறு" என்றான் தார்வோ,
வாயில் வெள்ளரிக்காயோடு.

"பாதியை அழி" என்றான் ஹில்லர்,
"யார் உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள்?"

அழித்திருக்கிறேன்.
போன ஆகஸ்டில், இடமில்லாமல்,
பதினோரு இரவுகளை, கேட்காமலே.
குப்பைத்தொட்டிப் படம் ஒருமுறை காகிதம் கசக்கியது,
அவ்வளவுதான்.
பதினொன்றிலும் மழை மட்டுமே இருந்திருக்கலாம்.
இதை ஹில்லரிடம் சொன்னதில்லை.
கடையிலும் சொல்லவில்லை.

பையில் வௌவாலொலி கேட்கும் கருவி கிடந்தது.
ஏன் எடுத்தேனோ.
"இரண்டையும் ஓடவிடு" என்றேன்.
அருகே கொண்டுபோனதும்
வேகமானது வீறிட்டது.
எங்கள் மூவர் காதுக்கும் எட்டாத உயரத்தில்.
மெதுவானதும் சும்மா இல்லை, முனகியது.
குழல்விளக்கு கத்தியது.
தார்வோவின் செல்பேசி சார்ஜர்
எல்லாவற்றையும்விடப் பெரிதாய்க் கத்தியது.
யாருக்கும் கேட்காத சந்தையொன்று
அந்தக் கடைக்குள் இத்தனை நேரமும்.
சாண்ட்விச்சைக் கீழே வைத்தான் தார்வோ.
"இது எதையும் நிரூபிக்கவில்லை" என்றான் ஹில்லர்.

நிரூபிக்கவில்லைதான்.
ஆனால் வௌவாலை நான் கேட்பதே
பத்து மடங்கு மெதுவாக்கித்தான்.
குளத்து வௌவால் பூச்சியை நெருங்கும் கடைசிக் கணம்,
துடிப்போடு துடிப்பு ஒட்டி இழையும் அந்த அரை நொடி,
அதன் வேகத்திலேயே விட்டால் எனக்கு மௌனம்.
இழுத்து ஐந்து நொடியாக்கினால்
யாரோ ஜிப்பை மூடுகிற சத்தம்.
பிறகு ஒரு நிறுத்தம்.
மெல்கிறது.

பெரியதற்கே பணம் கட்டினேன்.

இப்போது இரவு பத்தரை.
வானம் இன்னும் முழுதாய்க் கருக்கவில்லை.
பழைய வட்டிலிருந்து புதியதற்கு நகலாகிறது:
மீதம் ஆறு மணி நேரம் என்றது,
தேநீர் போட்டு வருவதற்குள் ஏழு என்கிறது.
ஹில்லரின் குறுஞ்செய்தி: "முடிந்ததா?"
பதில் போடவில்லை.
ஜன்னலைத் திறந்து
எமாயோகி ஆற்றுப் பக்கம் கருவியை நீட்டுகிறேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
தெருவிளக்கு.
மேசைக்கடியில் சுற்றிக்கொண்டிருக்கிறது வட்டு,
பழையவை போக
இன்னும் எழுபது இரவுக்கு இடம் வைத்துக்கொண்டு.